நோ பாலும் முப்பாலும்

தமிழ் நாளிதழ்த் தலைப்புகளில் ஒற்றை மேற்கோள் குறி செய்கிற வேலை எந்த இலக்கண நூலிலும் விதிக்கப்படாத வேலை. பிறர் கூற்றை எடுத்துக்காட்டுவதற்காக அச்சுக்கு வந்த அந்தக் குறி, 'அல்வா', 'டிமிக்கி', 'கல்தா', 'கிடுகிடு' போன்ற சொற்களுக்கு இருபுறமும் காவல் நிற்கும்போது யாருடைய கூற்றையும் எடுத்துக்காட்டுவதில்லை. வாசகரைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு ஒன்றுமறியாதது போல் நிற்கிறது. தவணைப் பணத்தோடு ஒருவர் தலைமறைவான செய்திக்கு மேல் 'அல்வா' என்று அச்சாகியிருந்தால், அது கோதுமைப் பாலையும் சர்க்கரையையும் நெய்யையும் சேர்த்துக் கிண்டுகிற திருநெல்வேலித் தின்பண்டம் அன்று, ஏமாற்றுதல் என்ற பொருளில் வந்த வழக்கு என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தத் தலைப்பு எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி. ஆனால் செய்தியாசிரியர் இரவு பதினொரு மணிக்கு, பக்கம் அச்சுக்குப் போகும் அவசரத்தில் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் இடையே ஏற்கெனவே இருக்கிற ஓர் உடன்படிக்கையை நம்பியே தேர்ந்தெடுக்கிறார். விலைவாசிப் பக்கத்திலும் விளையாட்டுப் பக்கத்திலும் சங்கீத விமர்சனத்திலும் அன்றாடம் நடக்கிற சொல்விளையாட்டு முழுவதும் இந்த உடன்படிக்கையின் பேரில்தான் நடக்கிறது.

இத்தகைய விளையாட்டுக்குத் தமிழ் அணியிலக்கணம் தரும் பெயர் சிலேடை. ஒட்டிக்கொள்ளுதல், தழுவுதல் என்று பொருள்படும் வடசொல்லின் தமிழ் வடிவம் அது. ஒரே சொல்லையோ தொடரையோ இரண்டு பொருள்கள் தழுவி நிற்பதால் அப்பெயர் பெற்றது. வடமொழிக் காவியாதரிசத்தை அடியொற்றி எழுந்த தண்டியலங்காரம் இதைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவது முன்னது. ஒரு வகையாகப் பிரித்தால் ஒரு பொருளும் மற்றொரு வகையாகப் பிரித்தால் வேறொரு பொருளும் தருவது பின்னது. (2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்த பிறகு, செம்மொழிச் சிலேடை என்ற கலைச்சொல்லே சிலேடையாகிவிட்டது, தண்டியாசிரியர் எதிர்பார்த்திருக்க முடியாத உபயம் இது.) பள்ளி இலக்கணத்தில் வரும் பொதுமொழி இதன் கருவடிவம். வேங்கை என்றால் மரம், புலி. வேம், கை என்று பிரித்தால் வேகின்ற கை. பலகை என்றால் மரப்பலகை; பிரித்தால் பல கைகள். தாமரை பூவாகவும் நிற்கும், தாவுகின்ற மரையாகவும், அதாவது ஒருவகை மானாகவும், துள்ளும்.

இந்த இரண்டாம் வகையில்தான் தமிழின் உடலமைப்பே சிலேடைக்காரருக்குத் துணை நிற்கிறது. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும்போது எழுத்துகள் தோன்றியும் திரிந்தும் கெட்டும் ஒன்றாகிவிடுவதைப் புணர்ச்சி என்பர். அப்படி ஒன்றாகிவிட்ட சொல்லின் தையல் எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. வானும் நிலையும் சேர்ந்தால் வானிலை. வானும் இலையும் சேர்ந்தாலும் வானிலைதான். ஆகவே வானிலை அறிக்கை என்பதை மேகத்தில் முளைத்த இலை பற்றிய அறிக்கையாக வாசிப்பதற்கு இலக்கணத்தில் எந்தத் தடையும் இல்லை. தடை இருந்தால் அது பொது அறிவில்தான் இருக்க வேண்டும். வங்கக் கடலில் உருவாகிற தாழ்வு மண்டலம், கரைக்கு வர மனமின்றி நாள்கணக்கில் ஓரிடத்திலேயே நிற்கும்போது அதற்குத் தாழ்வு மனப்பான்மை வந்துவிட்டதாகச் சொல்வதற்கும், தங்கம் ஏறும் விலையில் எந்தக் கையிலும் தங்கவில்லை என்று சொல்வதற்கும் பெரிய கவித்துவம் வேண்டாம், மொழியின் மூட்டுகள் எங்கெங்கே மடங்கும் என்ற உடற்பயிற்சி ஆசிரியரின் அறிவு போதும்.

எழுத்தும் தன் பங்குக்கு உதவுகிறது. வடமொழியிலும் பிற இந்திய எழுத்துமுறைகள் பலவற்றிலும் க-வருக்கத்துக்கு மூக்கொலி நீங்கலாக நான்கு எழுத்துகள் இருக்க, தமிழ் ஒரே க-வை வைத்துக்கொண்டு, இடத்துக்கேற்ப அதைப் பலவாறு ஒலித்துச் சமாளிக்கிறது. இதை வறுமை என்று குறைபட்டவர்கள் உண்டு, சிக்கனம் என்று பெருமைப்பட்டவர்களும் உண்டு. சிலேடைக்காரருக்கோ இது பரம்பரைச் சொத்து. கழுத்தில் கட்டும் டையும் நரைக்குப் பூசும் டையும் ஆட்டம் சமனாக முடிகிற டையும் தமிழில் எழுதும்போது ஒரே டைதான். எந்த டை என்பதைச் சூழல் சொல்ல வேண்டும், சூழல் சொல்லத் தவறுகிற ஒரு கண நேரத்தில் சிரிப்பு நுழைந்துவிடுகிறது.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலாவதாக வைத்து, அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைக் குறிக்கிறது. இந்த நான்கிலும் சிரிப்புக்கு ஆளாகிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும்: இகழப்படுபவர், மழலை பேசும் சிறுவர், அறியாமையால் தவறுபவர், அறிந்தும் கொண்டதை விடாதவர். சிலேடையில் அப்படி ஒருவர் கட்டாயமில்லை. வானிலையை வான் இலையாக்கும்போது எவரும் சிறுமைப்படுவதில்லை, அகப்பட்டுக்கொண்டு விழிப்பது மொழி மட்டுமே. உரையாசிரியர்கள் முயன்றால் இதையும் நான்கில் ஒன்றுக்குள் அடக்கிவிடுவார்கள் என்பது உண்மை. எனினும் ஆளை நோக்கிச் சிரிக்காமல் சொல்லை நோக்கிச் சிரிக்கும் வகை ஒன்று தனியே இருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். நாள்தோறும் எழுதப்படும் இலகுவான பத்திகள் பெரிதும் அந்த வகையைச் சார்ந்தே பிழைத்துக் கிடக்கின்றன.

இந்தப் பத்திக்காரர்களின் முன்னோடி யார் என்று தேடினால், 15ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் காளமேகப் புலவரிடம் போய் நிற்க நேர்கிறது. அவரை ஆசுகவி என்பர். கேட்ட மாத்திரத்தில் பாடுபவர் என்பது அதன் பொருள். பத்திரிகை மொழியில் சொன்னால், பக்கம் முடியும் நேரத்துக்குள் எழுதித் தருபவர். ஆனால் அவரைப் பத்திக்காரராக்குவது வேகம் மட்டுமன்று, அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள். பாம்பையும் வாழைப்பழத்தையும், பாம்பையும் எள்ளையும், பாம்பையும் எலுமிச்சம்பழத்தையும், மீனையும் பேனையும், கீரைப்பாத்தியையும் குதிரையையும் அவர் ஒரே வெண்பாவுக்குள் பொருத்தினார். வடமொழிக் காவியங்களில் சிலேடை அரசனையும் கடவுளையும் ஒருங்கே புகழப் பயன்பட்டது. ஒரே காவியத்துக்குள் இரண்டு இதிகாசங்களை ஒருசேரச் சொல்லும் பெருமுயற்சிகளும் அங்கே உண்டு. காளமேகமோ அந்த அரண்மனைப் பாத்திரத்தை எடுத்துச் சந்தைச் சாமான்களை அளந்தார். பட்டியலைப் பார்த்தால் ஒரு வீட்டின் கொல்லைப்புறமும் அடுக்களையும் தலைமயிரும் முழுவதுமாக அதில் அடங்கிவிடுகின்றன. வாழைப்பழம் இன்றும் அதே போல் உரிக்கப்படுவதால், பாம்பு இன்றும் அதே போல் சட்டை உரிப்பதால், ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வெண்பாவுக்கு அடிக்குறிப்பு அதிகம் தேவைப்படுவதில்லை. நேற்றைய தலைப்புக்கு அந்த யோகம் இல்லை.

காளமேகத்தின் பெயரால் வழங்கும் சத்திரக் கதையை உணவக விமர்சனத்தின் முதல் தமிழ் மாதிரி என்று சொல்லிவிடலாம். நாகையில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் பசியோடு காத்திருந்த புலவர், அங்கே பொழுது சாயும்போதுதான் அரிசி வருகிறது, அதைக் குற்றி உலையேற்றுவதற்குள் ஊர் அடங்கிவிடுகிறது, ஓரகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழுந்துவிடுகிறது என்ற கருத்தில் ஒரு பாட்டுச் சொன்னாராம். பதறிப்போன சத்திரத்தார் கெஞ்சவே, பாட்டில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றினாராம்: ஊர் அடங்கும் என்றால் ஊரின் பசி அடங்கும், வெள்ளி எழும் என்றால் சோற்றின் வெண்மைக்கு நாணி வெள்ளி எழுந்தோடும் என்று. கதை நடந்ததா என்பது ஆராய்ச்சியாளரின் கவலை. ஒரு வசையை அதன் சொற்களுக்குச் சேதமில்லாமல் வாழ்த்தாக்குகிற இந்த உத்தி, மார்கழி மாதக் கச்சேரி விமர்சனங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வித்துவானின் குரல் அன்று அரங்கை நிறைத்தது என்று எழுதினால், ரசிகர் கூட்டம் அதை நிறைக்கவில்லை என்பதைச் சபாவின் செயலாளர் புரிந்துகொள்வார், வித்துவான் கத்தரித்து ஒட்டிவைத்துக்கொள்வார்.

சிலேடையை எல்லோரும் கொண்டாடியதில்லை. பிற்காலப் புலவர்கள் யமகம், திரிபு, சித்திரகவி என்று சொற்கட்டுகளில் மூழ்கிக் கிடந்தபோது, அதாவது அடிதோறும் ஒரே எழுத்துத் தொடர் வெவ்வேறு பொருளில் மடங்கி வருவது, முதலெழுத்து மட்டும் மாறி மற்றவை ஒன்றாக வருவது, பாட்டின் எழுத்துகளைத் தேராகவும் பாம்பாகவும் கட்டங்களில் அடைப்பது என்று பொழுதைப் போக்கியபோது, கவிதை எங்கோ வெளியே நின்றுகொண்டிருந்தது. பாரதி தம் முற்றுப்பெறாத சின்னச் சங்கரன் கதையில் இந்த விவகாரத்தைக் கிழித்தெறிகிறார். வேடிக்கை என்னவென்றால், நாகபந்தம், ரதபந்தம் என்று அந்தச் சித்திரகவி வகைகளை அடுக்கிக்கொண்டே போனவர் கடைசியில் தீப்பந்தத்தையும் அதே வரிசையில் சேர்த்துவிடுகிறார். பந்தம் என்பது கட்டையும் குறிக்கும், கொளுத்தும் பந்தத்தையும் குறிக்கும். சொல்விளையாட்டைக் கொளுத்த வந்தவர் கையில் எடுத்த கொள்ளியும் சொல்விளையாட்டாகவே இருந்தது. இதற்கு மேல் அந்தக் கலைக்குத் தற்காப்பு வாதம் எதுவும் தேவையில்லை.

சங்கீதத்தில் சொல்விளையாட்டு பொழுதுபோக்காக அன்றி நிர்வாக நடைமுறையாகவே நுழைந்திருக்கிறது. கர்நாடக இசையில் ஏழு சுரங்களும் முழுமையாக வரும் தாய் ராகங்களை மேளகர்த்தா என்பர், அவை 72. ஒரு ராகத்தின் எண்ணைத் தெரிந்துகொண்டால் அதன் சுர அமைப்பை வருவித்துவிடலாம் என்பதால், எண்ணைப் பெயருக்குள்ளேயே ஒளித்துவைத்தார்கள். இதற்குப் பயன்பட்டது கடபயாதி என்ற வடமொழி மரபு: க, ட, ப, ய என்ற எழுத்துகளை ஒன்றாகக் கொண்டு, அவற்றைத் தொடர்ந்து வரும் மெய்களுக்கு வரிசையாக எண் கொடுப்பது. பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்குரிய எண்களைத் தலைகீழாக வாசித்தால் ராகத்தின் எண் கிடைக்கும். கனகாங்கியில் க ஒன்று, ந சுழியம். தலைகீழாக 01, முதல் மேளம். பழைய ராகங்கள் இந்த முறை வருவதற்கு முன்பே பெயர் பெற்றுவிட்டதால் அவற்றுக்கு முன்னொட்டு தேவைப்பட்டது. கல்யாணி மேசகல்யாணி ஆயிற்று. மே ஐந்து, ச ஆறு, ஆகவே 65. சங்கராபரணம் தீரசங்கராபரணம் ஆயிற்று. தீ ஒன்பது, ர இரண்டு, ஆகவே 29. தோடிக்கு அனுமன் துணை வந்தது இந்தக் கணக்குக்காகத்தான். ஹ எட்டு, ந சுழியம், ஆகவே 8.

இங்கேதான் தமிழ் எழுத்து தன் குறும்பைக் காட்டுகிறது. தீரசங்கராபரணத்தின் தீ, த-வருக்கத்தின் நான்காம் எழுத்து, அதற்குத்தான் ஒன்பது. தமிழில் நான்கு த-வுக்கும் ஒரே வடிவம் என்பதால், தமிழ் எழுத்தை மட்டும் அறிந்த ஒரு மாணவர் அதை முதல் த-வாக எடுத்துக்கொண்டு ஆறு என்று கணக்கிட்டால், விடை 26 என்று வரும். 26ஆவது மேளம் சாருகேசி. சங்கராபரணத்தின் வீட்டுக்குப் புறப்பட்டவர் சாருகேசியின் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்; இரண்டு வீட்டிலும் நல்ல பாட்டுக் கிடைக்கும் என்றாலும் முகவரி தவறியது தவறியதுதான். ஒலிப்பு வேறுபாடுகளைத் துறந்த எழுத்துமுறை, எண்ணை ஒளித்துவைக்க வந்த மரபைக் குழப்பிவிடுகிறது; அதே துறவுதான் டையில் மூன்று டைகளை ஒளித்துவைக்கவும் இடம் தருகிறது.

இசையில் இன்னொரு விளையாட்டு சுவராட்சரம். சாகித்தியத்தில், அதாவது பாட்டின் சொற்களில், வருகிற எழுத்தும் அந்த இடத்தில் பாடப்படும் சுரத்தின் பெயரும் ஒன்றாக அமைவதை அப்படிச் சொல்வர். பாதம் என்ற சொல்லின் பா பஞ்சமத்திலும் த தைவதத்திலும் விழுந்தால், பாடகர் சொல்லைப் பாடுகிறாரா சுரத்தைப் பாடுகிறாரா என்று பிரிக்க முடியாது. எழுத்து அப்படியே பொருந்தினால் சுத்த சுவராட்சரம் என்றும், உயிரொலி சற்று மாறிப் பொருந்தினால் சூசித சுவராட்சரம் என்றும் பெயர். முத்துசுவாமி தீட்சிதர் தம் கீர்த்தனைகளில் ராகத்தின் பெயரை வேறொரு பொருள் தரும் தொடருக்குள் பிணைத்துவைப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. தண்டியலங்காரக் கணக்கில் அவற்றுள் பல பிரிமொழிச் சிலேடைகள். பக்தியின் நடுவே இது விளையாட்டா என்று கேட்பவர்களுக்கு, பக்தியை அவர்கள் சற்று அளவுக்கு மீறி விறைப்பாக வைத்திருக்கிறார்கள் என்பதே பதில்.

சங்கீத விமர்சகர்கள் இந்தச் சூழலில் வாழ்ந்துகொண்டு நேர்ப்பொருளில் மட்டும் எழுதியிருக்க முடியாது. 1930களில் ஆனந்த விகடனில் ஆடல் பாடல் பகுதியை எழுதிய கல்கி, அதற்காக வைத்துக்கொண்ட புனைபெயர் கர்நாடகம். அது இசையின் பெயர். அதே சமயம் அன்றைய பேச்சுவழக்கில் பழைய காலத்துப் பேர்வழி, நாகரிகம் தெரியாதவர் என்றும் பொருள். விமர்சனத்தின் கீழே கையெழுத்திடும்போதே தம்மை ஒரு பழைய பஞ்சாங்கமாக அறிவித்துக்கொண்டுவிட்டதால், பிறகு யாரைப் பற்றியும் எதையும் சொல்லும் உரிமை அவருக்கு வந்துவிட்டது. கச்சேரி என்ற சொல்லின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். அது முதலில் அலுவலகத்தையும் நீதிமன்றத்தையும் குறித்தது; மயிலாப்பூரின் கச்சேரி சாலைக்குப் பெயர் தந்தது அந்தக் கச்சேரி. பின்னர் பாடகர் மேடையேறி அமர, எதிரே விமர்சகர் தீர்ப்பெழுத அமர, சொல் மாறாமலேயே இடம் மாறிக்கொண்டது.

திரைப்படத்தில் இந்த மரபைக் கச்சிதமாகப் பயன்படுத்தியவர் கே. பாலசந்தர். 1975இல் வந்த அவருடைய அபூர்வ ராகங்கள், ராகம் என்ற சொல்லுக்கு வடமொழியில் உள்ள விருப்பம் என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டே தலைப்பானது. 1985இல் வந்த சிந்து பைரவியில் தலைப்பு ஒரு ராகத்தின் பெயர். படத்துக்குள் போனால் சிந்து ஒரு பெண், பைரவி இன்னொரு பெண், நடுவில் ஒரு பாடகர். முழுக் கதையும் பிரிமொழிச் சிலேடையாகச் சுவரொட்டியிலேயே எழுதப்பட்டிருந்தது, படம் பார்க்காதவர்களுக்கு மட்டும் அது தெரியாமலிருந்தது.

சங்கீதம் இப்படித் தன் சொற்களை அரசியல் செய்திக்கும் கடன் கொடுத்திருக்கிறது. ஜால்ரா தாளக்கருவியாக இருந்ததைவிட முகத்துதிக்காரராக இருந்த காலமே அச்சில் அதிகம். நாகசுரத்துக்குத் துணையாக ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும் ஒத்து, தலைவர் சொல்வதற்கெல்லாம் ஒத்து ஊதுபவரைக் குறிக்கிறது. கூட்டணிக் கட்சிகளுக்கிடையே வருவது சுருதி பேதம். கூட்டணியை விட்டு வெளியேறுபவர் செய்வது தனி ஆவர்த்தனம். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ரசிகர்களில் ஒரு பகுதியினர் சிற்றுண்டிச்சாலைக்கு எழுந்துபோவது வழக்கம் என்பதை அறிந்த வாசகருக்கு, அரசியல் தனி ஆவர்த்தனத்தின் முடிவும் செய்தியில் சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

விளையாட்டுக்கு வந்தால், கிரிக்கெட் தமிழுக்குள் நுழைந்த விதமே ஒரு நீண்ட சிலேடை. ஆங்கிலத்தில் பந்தைக் குறிக்கும் சொல் தமிழ் எழுத்தில் பால் ஆகிறது. தமிழில் பால் என்பது ஆவினம் கொடுப்பது. ஆண்பால், பெண்பால் என்று இலக்கணம் பிரிப்பது. அறம், பொருள், இன்பம் என்று திருக்குறள் பகுத்துக்கொண்டது. விதிமீறிய பந்துவீச்சை நடுவர் நோ பால் என்று அறிவிக்கும்போது, மறுநாள் காலை பால் வராது என்று புரிந்துகொண்ட பாட்டி பற்றிய நகைச்சுவை தமிழகத்தின் ஏதாவது ஒரு வீட்டில் எப்போதும் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறது. பழைய நகைச்சுவைதான், முப்பாலையும் படித்தவருக்கு நான்காவதாக ஒரு பால் கிடைப்பதால் அதை மன்னித்துவிடலாம். ஓவர் என்ற சொல் ஆறு பந்துகளையும் அளவு மீறுதலையும் குறிப்பது தமிழ்ப் பேச்சில் மட்டும் பயனுக்கு வரும் ஒரு வசதி. ஓட்டமே எடுக்காமல் வெளியேறுபவருக்கு ஆங்கிலம் வாத்தைக் கொடுக்க, தமிழ் முட்டையைக் கொடுத்தது. இதில் தமிழின் பக்கமே நியாயம் இருக்கிறது, ஏனெனில் பள்ளிக்கூடத் தேர்விலும் சுழியத்துக்கு அதுதான் பெயர்.

மொழிபெயர்த்து எழுதியபோதும் விளையாட்டு நிற்கவில்லை. தமிழகத்தில் கிரிக்கெட் கருவிக்குப் பெயர் மட்டை; தென்னை மட்டையைச் செதுக்கித் தெருவில் ஆடியவர்களுக்கு அது உருவகம் அன்று, உள்ளது உள்ளபடியான விவரணை. இலங்கைத் தமிழில் அது துடுப்பு. ஆடுபவர் துடுப்பாட்ட வீரர். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் வீரர் படகை வலிக்கிறார், இந்தப் பக்கம் தென்னந்தோப்பில் நிற்கிறார். இரண்டு பக்கமும் ஒரே பந்து வருகிறது. வானொலியில் அப்துல் ஜப்பார் போன்ற வர்ணனையாளர்கள் இந்தச் சொற்களைக் கொண்டுதான், பார்க்க முடியாத ஆட்டத்தைக் கேட்க முடிகிற ஆட்டமாக்கினார்கள். தட்டச்சுப் பொறிக்கு இருக்கிற அவகாசம்கூட அவர்களுக்கு இல்லை. பந்து எல்லைக்கோட்டைத் தொடுவதற்குள் வாக்கியம் வினைமுற்றைத் தொட்டாக வேண்டும், தமிழ் வினைமுற்றோ கடைசியில்தான் வரும்.

சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் ஆட்டம் அத்தகைய வாக்கியம் ஒன்றைப் போன்றது. 348 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 347க்கு எல்லா விக்கெட்டுகளையும் இழந்தது. மனிந்தர் சிங்கின் விக்கெட்டை கிரெக் மேத்யூஸ் வீழ்த்த, டெஸ்ட் வரலாற்றில் இரண்டாம் முறையாக ஆட்டம் டை ஆயிற்று. முதல் முறை 1960இல் பிரிஸ்பேனில். வெற்றி தோல்வியின்றி முடிவதற்கும் சமனாக முடிவதற்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது நேரம் முடிந்ததால் நிற்பதற்கும் ஓட்டக் கணக்கு ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தி நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை, தமிழ் வாசகர்களுக்கு அந்த ஆட்டம் ஐந்து நாளில் கற்பித்தது. சென்னையில் முன்பு டிசம்பர்க் கச்சேரிகள் முடிந்த கையோடு பொங்கலை ஒட்டி டெஸ்ட் ஆட்டம் வரும். அதற்குப் பொங்கல் டெஸ்ட் என்றே பெயர். சபாவில் தாளம் போட்ட அதே கை சில நாளில் சேப்பாக்கத்தின் படிக்கட்டில் ஓட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கும். அந்த நகரத்துப் பத்தி எழுத்தாளர் ஒருவர் ஆமைவேக ஆட்டத்தை விளம்பகாலம் என்று எழுதினால், தாளத்தில் மெதுவான நடைக்கு அந்தப் பெயர் என்று விளக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லாதிருந்தது; இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் ஒரே ஆட்கள்.

பேச்சில் இந்தக் கலையை வாழ்க்கைமுறையாகவே வைத்திருந்தவர் கி.வா. ஜகந்நாதன் (1906–1988). உ.வே. சாமிநாதையரின் மாணவர், கலைமகள் ஆசிரியர். வழியில் நின்றுவிட்ட காரை மற்றவர்கள் இறங்கித் தள்ளியபோது தாமும் இறங்கிய அவரைத் தடுத்தவர்களிடம், தம்மைத் தள்ளாதவர் என்று நினைத்துவிட்டார்களா என்று கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. தள்ளாமை முதுமையின் இயலாமையையும் குறிக்கும், காரைத் தள்ளாதிருப்பதையும் குறிக்கும். இதை அச்சில் வாசிக்கும்போது முகத்தில் ஒரு புன்னகைதான் வருகிறது. நடுவழியில், வெயிலில், ஒரு கை காரின் மீதிருக்க, அதைக் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அச்சு கொண்டுவருவதில்லை. சிலேடையின் பாதி சொல்லில் இருக்கிறது, மறுபாதி அது சொல்லப்பட்ட நிமிடத்தில்.

எழுத்தில் அந்த நிமிடத்தை ஓரளவு பிடித்துவைத்தவர் சுஜாதா (1935–2008). 1965இல் தொடங்கப்பட்ட கணையாழியின் கடைசிப் பக்கத்தை முதலில் ஸ்ரீரங்கம் எஸ். ஆர். என்ற பெயரில் எழுதத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வப்போது நிரப்பிவந்தார். திரைப்படம், புதுக்கவிதை, வெண்பா, விஞ்ஞானம், அந்த மாதம் கண்ணில் பட்ட ஏதோ ஓர் அபத்தம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை ஒரே பக்கத்தில் இடித்துக்கொண்டு கிடந்தன; சம்பந்தம் எழுதுபவரின் கவனத்தில் மட்டும் இருந்தது. ஆழமான கட்டுரைகளைத் தாங்கிய இதழை வாசகர் பலர் கடைசியிலிருந்து புரட்டத் தொடங்கியதில் ஆசிரியர் குழுவுக்கு எவ்வளவு மகிழ்ச்சி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். காளமேகம் பரிசாரகராக இருந்ததாகக் கதைகள் சொல்கிற கோயில் மடைப்பள்ளியும் அதே ஸ்ரீரங்கத்தில்தான் இருக்கிறது. காவிரித் தண்ணீரில் ஏதோ இருப்பதாகச் சொல்லிவிட ஆசையாக இருந்தாலும், காவிரியில் எப்போது தண்ணீர் இருக்கும் என்பதே தனிச் செய்தி.

பழைய பத்திகள் நூலாகத் தொகுக்கப்படும்போது பதிப்பாளர் முன் நிற்கும் சிக்கல் இதுதான். அந்த மாதத்துப் படமும் அந்த வாரத்து அமைச்சரும் அந்த நாளின் வெங்காய விலையும் வாசகர் நினைவிலிருந்து போய்விட்ட பிறகு, இரு பொருளில் ஒரு பொருள் உதிர்ந்துவிடுகிறது. சிலேடை ஒற்றைக் காலில் நிற்கிறது. அடிக்குறிப்புப் போட்டால் பொருள் திரும்பி வருகிறது, சிரிப்பு வருவதில்லை. வெங்காய விலை ஏறும்போதெல்லாம் வருகிற 'கண்ணீர்' என்ற தலைப்பு மட்டும் விதிவிலக்காக எந்த ஆண்டிலும் எல்லோருக்கும் விளங்குகிறது, ஆனால் அது முதல் ஆண்டிலேயே வாடிப்போன சிலேடை.

தேநீர்க் கடையில் வடையை மடித்துத் தரும் துண்டுத் தாளில் இவற்றின் கடைசி வாசிப்பு நடக்கிறது. தேதி இருந்த மூலை வேறொருவரின் பஜ்ஜியோடு போயிருக்கும். தலைப்பின் பின்பாதியை எண்ணெய் தின்றிருக்கும். மீதியில் ஒரு தொடக்க மேற்கோள் குறியும் அதன் பின் இரண்டே எழுத்துகளும் தெரியும். முடிக்கும் குறி இல்லை. வடை ஆறும் வரை வாசகர் அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் என்ன சொல் இருந்திருக்கும் என்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்.